தொய்ந்துபோன பிரம்பு

தணிகாசலம் கூலி வாங்கப் போனபோது நல்ல வெயில். சாந்தோமில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன வருஷம் ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை அங்கே இன்னும் யாரும் கிழிக்கவில்லை. உள்ளே காற்று இல்லை. பூட்டி வைத்த பீரோவைத் திறந்தாற்போல் ஒரு மக்கிய வாடை.

தணிகாசலம் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவன். அடையாற்றங்கரையில் குடிசை. தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போய்க் கிடைக்கிற வேலையைச் செய்வான். அந்த வீட்டுக்காரர் லியோனார்ட் துறைமுகத்தில் குமாஸ்தா. போன வாரம் அவர்தான் அவனைக் கூப்பிட்டு, இருக்கை கிழிந்து தொங்கிய ஒரு நாற்காலியைப் பின்னித் தரச் சொன்னார். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து பிரம்பு வரத்து நின்றுவிட்டது. திருவல்லிக்கேணி மெஹபூப் அலியின் கடையில் கெஞ்சிக் கடனுக்கு வாங்கித்தான் பின்னிக் கொடுத்தான். அதை அடைத்தால்தான் அடுத்த பிரம்பு கிடைக்கும். வீட்டில் பாஞ்சாலி பிள்ளை பெற்று இன்னும் எழுந்து நடமாடவில்லை.

லியோனார்ட் பணம் எடுக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

இருக்கை நடுவில் தொய்ந்து குழிந்திருந்தது. வருஷக்கணக்காக ஒரே ஆள் உட்கார்ந்த நாற்காலிபோல.

மட்டச் சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டதாக அவர் சொன்னார். பிள்ளைகள் ஏறிக் குதித்தார்களா என்று தணிகாசலம் கேட்டான். வீட்டில் பிள்ளைகளே கிடையாது, அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதும் இல்லை என்று பதில் வந்தது. யாரும் உட்காராத நாற்காலியை எதற்குப் பின்னச் சொன்னார் என்று கேட்க நினைத்தான். கேட்டால் கூலி போய்விடும் என்று விட்டுவிட்டான்.

பாஞ்சாலியின் மூக்குத்தியை மெஹபூப் அலியிடம் வைத்துவிட்டு வேறு பிரம்பு வாங்கி வந்தான். ஊறவைத்து, ஒவ்வொரு இழையையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினான். காய்ந்த பிறகு சுண்டிப் பார்த்தால் தவில்போல் அதிர்ந்தது. லியோனார்டும் தட்டிப் பார்த்தார். ஒரு ராத்திரி போகட்டும், நாளைக்கு வா என்றார்.

மறுநாள் வாசற்படி ஏறும்போதே நீலகிரித் தைல வாடை அடித்தது.

இருக்கை தொய்ந்திருந்தது. அதே குழி. இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாக.

லியோனார்ட் குரலை உயர்த்தவில்லை. திருட்டுப் பயல்களைப் போலீசில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தணிகாசலத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

"பொஞ்சாதி மூக்குத்திய வச்சு வாங்கின பிரம்பு சார் இது. நானே குந்திக் காட்றேன். அறுந்துச்சின்னா எனக்குக் கூலியே வோணாம்."

உள்வாசலில் நின்றிருந்த லியோனார்டின் மனைவி ஃப்ளோரா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேண்டாம்ப்பா," என்றாள் மெதுவாக. "அதுல உக்காராத."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

பிரம்பு அவன் உடம்பில் படவில்லை.

அடியில் இரண்டு தொடைகள் இருந்தன. எலும்பும் தோலுமாக, ஈரத்துணிபோல் சில்லிட்டு.

யாருடைய மடியிலோ அவன் உட்கார்ந்திருந்தான்.

பின்கழுத்தில் மூச்சு பட்டது. தைல வாடை மூக்கை அடைத்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான், கால் கேட்கவில்லை. அப்போது அவன் காதருகே, அவன் கனத்தைத் தாங்கமாட்டாமல் ஒரு பெண் முனகினாள்.

எப்படி எழுந்தான் என்று அவனுக்குத் தெரியாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். நாற்காலி காலியாக இருந்தது.

"கூலியக் கொடுத்துடுங்க," என்றாள் ஃப்ளோரா. "அவன் வேலையில குறையில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

லியோனார்ட் தலையைக் குனிந்துகொண்டார். "கொடுத்தா, அது அக்காதான்னு ஆயிடுமே, ஃப்ளோரா."

அவர் அறையை விட்டுப் போன பிறகு ஃப்ளோராதான் சொன்னாள். வெரோனிகா, அவருடைய அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவள். ஒரு காய்ச்சலில் கால் இரண்டும் விளங்காமல் போய், எந்நேரமும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். போன வருஷம் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது, ரயிலில் கூட்டம் நெருக்கியடித்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார வைத்து, வேலைக்காரியைத் துணைக்கு வைத்து, சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போனார்கள். வேலைக்காரியும் பயந்து ஊரைப் பார்க்க ஓடிவிட்டாள். இவர்கள் திரும்பும்போது மழைக்காலம் வந்துவிட்டது. வெரோனிகா நாற்காலியிலேயே இருந்தாள். அவளுக்கு அடியில் பிரம்பு இற்றுக் கிழிந்திருந்தது.

லியோனார்ட் திரும்பி வந்து நோட்டுகளை அவன் கையில் திணித்தார். பேசிய கூலிக்கு மேலேயே இருந்தது. அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு தணிகாசலம் வெளியே வந்தான். அன்றைக்கே மூக்குத்தியை மீட்டான். பாஞ்சாலியிடம் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பெரம்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டான். நாற்காலியை எடுத்துப் போகவில்லையாம். அதைத் தூக்க எந்த வண்டிக்காரனும் வரவில்லை என்று சொன்னார்கள்.

அந்தத் தெருவை அவன் தவிர்த்தே வந்தான். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், திருவல்லிக்கேணியில் வேலை முடித்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தலையில் பிரம்புக்கட்டோடு ஓடி ஒரு வீட்டு முகப்பில் ஒதுங்கினான். கதவில் தொங்கிய துருப்பிடித்த பூட்டைப் பார்த்த பிறகுதான் எந்த வீடு என்று தெரிந்தது.

மழையில் இறங்கி ஓடத் திரும்பினான்.

உள்ளேயிருந்து, களைத்துப்போன ஒரு குரல் கேட்டது.

"யாரு? தம்பியா?"

உடம்புக்கு முடியாதவர்களுக்குச் சொல்வதுபோல் அவன் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "வந்துக்கினே கீறாரும்மா."



பிறகு பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் பிரம்பு மெல்ல முறுகியது. யாரோ நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.