நாற்றம் நின்ற நாள்

அன்று காலை பிச்சையாவுக்கு நாற்றம் அடிக்கவில்லை.

தாராவித் தோல் பட்டறையின் தகரக் கதவைத் தள்ளி உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். ஊறிய தோல்களிலிருந்து வழியும் கொழுப்பு, சுவரோரம் சுரண்டிக் குவித்த சவ்வு, அதன்மேல் கறுப்புப் போர்வையாய் ஈக்கள், பின்னால் மாஹிம் உப்பங்கழியின் சேறு, எல்லாம் கண்ணெதிரே இருந்தன. வந்த புதிதில் அவனைக் குடல் வெளியே வருமளவு வாந்தியெடுக்க வைத்த அந்த வாடை மட்டும் இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் கேட்டு நெருக்கினார்கள், நிற்க நேரமில்லை. தோல் பதனிடும் குரோம் மருந்துத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு, ஆரஞ்சு நிறத் தண்ணீரில் தோல்களைப் புரட்டினான். ஆவி முகத்தில் ஏறியது.

சாயங்காலம், அடுப்படியில் இருந்த மீன்குழம்பை ஊற்றிப் பாதிச் சோறு சாப்பிட்டிருந்தான். தண்ணீர் பிடித்து வந்த மனைவி செண்பகவல்லி, வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னத்தத் திங்கிய? அது கீழ கொட்ட வச்சிருந்த கொழம்புல்லா. இந்த நாத்தம் ஒங்களுக்குத் தெரியலையா?"

தட்டைப் பார்த்தான். ஒரு சோற்றுப் பருக்கை நெளிந்தது.

சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தான். மூக்கிலும் ஏறிவிட்டது. சுண்டுவிரலை இடது நாசியில் விட்டுத் துடைத்தான். காய்ந்த பொருக்கு ஒன்று உதிர்ந்தது. வலியில்லை. விரல் பக்கவாட்டில் நழுவியது. நடுவே இருக்கவேண்டிய சுவர் இல்லை. விரல்நுனி வலது நாசிக்குள் தட்டுப்பட்டது.

மறுநாள் மத்தியானம் முதலாளி கரீம் பாட்சாவிடம் போனான்.

"மொதலாளி, மூக்கு ஓட்டையாயிட்டு. தொட்டித் தண்ணிதான் காரணம். கைக்கு ரப்பர் உறை வேணும். மூக்குக்கும் எதாவது மறைப்பு."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "உறை போட்டா தோல் வழுக்கும்வே. வலிக்கா?"

"வலிக்கல."

"பொறவு என்ன. உள்ள இருக்கவங்க யாராச்சும் கேக்காங்களா, போய்ப் பாரும்."

உள்ளே சாப்பாட்டு நேரம். சவ்வுக் குவியலை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முகமும் சுளிக்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எல்லோருக்கும் மூத்த தளவாய் நிமிர்ந்தார். "வாடே. ஒக்காரு."

"அண்ணாச்சி, இங்க நாத்தம் அடிக்கா?"

"நாத்தமா? எங்க?"

குவியலிலிருந்து ஓர் ஈ எழுந்தது. அவர் மேலுதட்டில் உட்கார்ந்தது. கால்களைத் தேய்த்தது. இடது நாசிக்குள் ஏறியது.

வலது நாசியால் வெளியே வந்தது.

அவர் மென்றுகொண்டே இருந்தார்.