உள்ளேயிருந்து ஒரு தட்டு

கல் அரைக்கும் இயந்திரத்தின் வயிற்றில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மெக்கானிக் ஸ்விட்ச் பக்கம் திரும்பினான். உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

அவன் நின்றுவிட்டான். உள்ளே யாரும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள்.

வாராவாரம் இயந்திரத்தை நிறுத்தி, கல்லை நொறுக்கும் பல்தகடுகளையும் பெல்ட்டையும் சோதித்து, கிரீஸ் வைத்த பிறகுதான் மறுபடி ஓட்டுவார்கள். அதற்கு முன் வெளியே நிற்பவன் இரும்பில் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் தட்ட வேண்டும். கத்தினால் காதில் விழாத இடம் அது. அங்கே சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற பழக்கம். தட்டாமல் ஓட்டியது ஒரே ஒருத்தன்தான். சூப்பர்வைசர்.

அன்று உள்ளே இருந்தது மெக்கானிக்கின் தங்கை புருஷன். காரியமெல்லாம் முடிந்த பிறகு சூப்பர்வைசர் வீடு தேடி வந்து, தங்கையின் முகத்துக்கு நேராகவே, "கவனமில்லாம உள்ள போயிட்டாரும்மா" என்றான். வந்த கையோடு காபியும் குடித்துவிட்டுப் போனான். அன்று மெக்கானிக்குக்குள் பற்றிய ஆத்திரம் இன்னும் அணையவில்லை. சோற்றில் கை வைத்தால்கூட அந்த வாய்தான் கண்முன் வந்து நிற்கும்.

அவன் மறுபடியும் தட்டினான். கூரைத் தகரம் வெயில் இறங்கி முறுக்கிக்கொள்ளும் சத்தம், எங்கோ குழாய் சொட்டும் சத்தம், கிரீஸும் கல்தூளும் கலந்த நெடி, அதற்கு நடுவே, இருக்கவே கூடாத இருமல் மிட்டாய் வாசனை. தூசிக்காக மாப்பிள்ளை எப்போதும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் அதே மிட்டாய். பிறகு அந்தத் தட்டு. அவசரமே இல்லாத ஒரு தட்டு.

"என்னய்யா, இரும்போட குசலம் விசாரிக்கிறியா?" சூப்பர்வைசர் மோதிரம் போட்ட விரலால் கைப்பிடிக் கம்பியை டிங் டிங்கென்று தட்டிக்கொண்டே வந்தான். எதற்கெடுத்தாலும் அப்படித் தட்டுவான். "ஸ்விட்சைப் போடு."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"எவன் இருக்கான்? எலி ஓடிருக்கும். உன் மாப்பிள்ளை போனதுலேருந்து நீயும் ஒரு மாதிரியாத்தான் இருக்க."

"அன்னிக்கு நீங்க தட்டிருந்தா அவன் போயிருக்கவே மாட்டான்."

இத்தனை நாள் தொண்டையிலேயே கிடந்த பேச்சு. சூப்பர்வைசர் முகம் சிவந்தது.

"நானே போய்ப் பாக்குறேன். உள்ள ஒருத்தனும் இல்லேன்னா நாளைக்கு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

யாரும் ஓட்டிவிடாதபடி மெக்கானிக் தன் பூட்டை எடுத்து மெயின் ஸ்விட்சைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினான். இவனுக்காகக்கூடப் பூட்டுகிறோமே என்று தன் மேலேயே கடுப்பாக வந்தது. போகாதீங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தங்கையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லை விழுங்கிவிட்டான்.

சூப்பர்வைசர் குனிந்து உள்ளே நுழைந்தான். டார்ச் வெளிச்சம் தகடுகளின் இடுக்கில் நகர்ந்து நகர்ந்து போனது. "ஒரு மண்ணும் இல்ல" என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அப்புறம் குரல் மாறியது.

"யாருய்யா அது?"

டார்ச் அணைந்தது.

பெல்ட் அசைந்தது.

மெக்கானிக் ஓடினான். ஸ்விட்ச் அணைத்தபடிதான் இருந்தது. பூட்டு பூட்டியபடி. பையைத் தடவினான். சாவி இருந்தது. அவசர நிறுத்தப் பொத்தானைக் குத்தினான். நிற்கவில்லை. மறுபடி குத்தினான். உள்ளே ஒரு அலறல். பாதி அலறல்.

தகடுகள் ஒரு முறை மூடித் திறந்தன. தானாகவே நின்றன.

தூசி மெல்ல அடங்கியது. இருமல் மிட்டாய் வாசனை மட்டும் அடங்கவில்லை. அவன் ஸ்பேனரோடு இயந்திரத்தின் பக்கம் வந்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தட்டினான்.

ஒரு தட்டு வந்தது. அதே அவசரமில்லாத தட்டு.

அதை ஒட்டினாற்போல், இரும்பில் மோதிரம் படும் மெல்லிய சத்தம். டிங்.