மேலேயிருந்து பார்த்தால்

ஹோம் பட்டனை அழுத்தியதும் ட்ரோன் படகை நோக்கி வரவில்லை, எதிர்த்திசையில் போனது.

கொள்ளிடம் இரு கரையும் முட்ட ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் கலங்கலும் அழுகிய வாழைமட்டையும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஒவ்வொரு சுழலிலும் ஃபைபர் படகு தூக்கிப் போட்டது. பின்னால் மோட்டார் இரைந்த இரைச்சலிலும் ட்ரோனின் ரீங்காரம் தேய்ந்துகொண்டே போவது வேணிக்குக் கேட்டது. கணவன் தமிழழகன் காணாமல் போய் இன்றோடு நான்கு நாள். ஊரே கீழ்க்கரை வரை தேடிக் களைத்துக் கைவிட்டாயிற்று. இப்போது அவளும் கொழுந்தன் கொளஞ்சியும் மட்டும்தான் படகில் இருந்தார்கள்.

தப்பு அவளுடையதுதான். தா.பழூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. மண்டபத்து வாசலில் ஏற்றிவிட்டு, முடிந்ததும் ஹோம் அழுத்தினால் காலடியில் வந்து இறங்கும். ஓடுகிற படகில் அது சரிவராது என்பது அழுத்திய பிறகுதான் உறைத்தது. போதாததற்கு, அவசரத்தில், சாட்டிலைட் பிடித்து அது இடத்தைக் குறித்துக்கொள்ளும் முன்பே ஏற்றிவிட்டிருந்தாள். இப்போது ட்ரோனுக்குத் தெரிந்ததெல்லாம் போன தடவை கிளம்பிய இடம் மட்டும்.

போன தடவை ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்து. அதற்கு வடக்கே அல்லவா போக வேண்டும்? இது மேற்கே, தண்ணீர் வரும் பக்கமாகப் போய், நடு ஆற்றில் இருந்த நாணல் திட்டின் மேல் நின்றது.

அங்கிருந்து அவள் ஒருநாளும் பறக்கவிட்டதில்லை.

ட்ரோனை வைத்துப் பூட்டும் பீரோவின் சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், தமிழழகன், கொளஞ்சி. கொளஞ்சிக்கு ட்ரோன் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

ட்ரோன் மெல்ல இறங்கியது. வெட்டிக் குவித்திருந்த நாணல் றெக்கைக் காற்றில் பறந்து விலகியது. கையிலிருந்த ரிமோட்டின் திரையில் ஒரு கட்டம் போட்ட கைலி. ஊதிய மணிக்கட்டில் அவள் வாங்கிக் கொடுத்த வாட்ச். கழுத்தில் நீல நைலான் கயிறு.

மூன்று ராத்திரியும் வாசலில் உட்கார்ந்து அழுதவன் கொளஞ்சி. தன் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் அவள். தண்ணீர் கீழேதான் இழுக்கும் என்று ஊரையே கீழ்ப்பக்கம் கூட்டிப் போனவனும் அவன்தான். கூடப்பிறந்தவனைப் போல நம்பினாளே, பாவி!

"என்னங்க அண்ணி தெரியுது?" பின்னாலிருந்து கொளஞ்சி கேட்டான்.

"ஒண்ணுமில்ல கொளஞ்சி. வெறும் தண்ணிதான். கரைக்குப் போயிடுவோம்."

குரல் நடுங்கக் கூடாது. நடுங்கிவிட்டது.

மோட்டார் நின்றது. தண்ணீர்ச் சத்தம் மட்டும். படகு தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

"நானும் மறுநாளு மேலேருந்து பாத்தேன் அண்ணி." அவன் குரலில் நிஜமான குழப்பம் இருந்தது. "நாணலத் தவிர ஒண்ணும் தெரியலையே."

படகின் முன்பக்கம் தாழ்ந்தது. ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி.

வேணி திரும்பவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கே ட்ரோன் ஆள் உயரத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. தமிழழகனின் தலைமுடி காற்றில் எழுந்து எழுந்து அடங்கியது. அவனுக்குப் பக்கத்தில், இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு, நாணல் அறுத்து இடம் சுத்தம் செய்து வைத்திருந்தது.