ருசி பார்க்க ஓர் ஆள்

"ஐயோ... அழகுமுத்து விழுந்துட்டான்!"

சமையல்கட்டிலிருந்து அலறல்!

கல்லாவிலிருந்து ஓடினார் ஹமீத் முதலாளி. கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தான், பரிமாறும் அழகுமுத்து. வாயில் நுரை!

1957. ஹட்டன் பஜாரில் ஹமீதின் சாப்பாட்டுக் கடை. கறிக்கு உப்புப் பார்ப்பதுகூட அவரேதான். ஒருத்தரையும் நம்பாத மனுஷன்! ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு எப்படி ருசி பார்ப்பது? முதல் நோன்பான இன்று காலையில்தான் அந்த வேலையை அழகுமுத்துவிடம் கொடுத்திருந்தார். அதுவும் வேண்டா வெறுப்பாக.

சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போகவேண்டிய கஞ்சி அது. போயிருந்தால்... எத்தனை உயிர்கள்!

"இவன்தான்!" சமையற்காரர் கணேசமூர்த்தியின் சட்டையைப் பிடித்தார் ஹமீத். "நேத்து ஏசினேன்... இன்னைக்கி கஞ்சில விஷம் வெச்சிட்டான்!"

"பிள்ளகுட்டிக்காரன் மொதலாளி நானு! செய்வேனா?"

டொக்டர் வந்தார். அழகுமுத்துவைப் பெஞ்சில் கிடத்தி வாந்தியெடுக்க வைத்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்னத்தைக் கலந்தனீ?" விலங்கை எடுத்தார்.

கணேசமூர்த்தி அகப்பையால் கஞ்சியை மொண்டு, மடமடவென்று குடித்தார்!

"விஷமிருந்தா நானும் சாவுறேன்!"

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார் கணேசமூர்த்தி.

பெஞ்சில் முனகல். அழகுமுத்து கண் திறந்தான்!

"கஞ்சியில்லீங்க... அரிசி மூட்டைக்குப் பின்னால இருந்த வடை..."

"அத ஏண்டா தின்ன?" ஹமீத் கத்தினார்.

"நீங்கதான மொதலாளி, கடையில ஒண்ணு விடாம ருசி பாருன்னீங்க?"

ஹமீதின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"வடையில என்ன?"

"எலி மருந்து... நான்தான் வெச்சேன். ஒவ்வொரு நாளும் வடை களவு போகுது சேர். எலியா, ஆளான்னு பாக்க..."

"ஆரிட்டயும் சொல்லேல்லையோ?"

"சொன்னா கள்ளன் திங்கமாட்டானே!"

பாவி மனுஷன்! ஒரு வடைக்காக ஓர் உயிர்!

விலங்கு இடம் மாறியது. ஹமீத் பதறினார்.

"வடை சுட்டது கணேசமூர்த்திதானே சேர்... அவனக் கூட்டிட்டுப் போங்களேன்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"எல்லா வேலைக்கும் ஆள் பிடிக்கலாம் முதலாளி... மறியல்ல கம்பி எண்ண மட்டும் நீங்கதான் வரோணும்!"