முப்பது மட்டும்

மேனேஜர் செத்துக் கிடந்தார்...

காலை பதினொன்றரை. மூன்றாம் மாடி. கழுத்தில் நீல நெட்வொர்க் கேபிள்.

நல்ல கேபிள். அறுந்திருக்கவில்லை!

பிணத்துக்குப் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு செக்யூரிட்டியின் கையில் விலங்கு. கீழே போன் செத்துப்போனதைச் சொல்லத்தான் மாடியேறினேன் என்று நாலு தடவை சொன்னான். இன்ஸ்பெக்டர் நாலு தடவையும் நம்பவில்லை. கேமரா திரையும் கறுப்பு.

பழுது பார்க்க வந்தவன் கம்பெனியின் நெட்வொர்க்குக்காரன். செக்யூரிட்டிக்குத் தங்கையைக் கொடுத்தவன்.

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க..."

நெட்வொர்க்குக்காரன் லேப்டாப்பை நெட்வொர்க் ஸ்விட்சில் சொருகினான். இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டார்.

"ஆக்சஸ் போர்ட்னா சந்து சார். ஒரே ரூம், ஒரே நெட்வொர்க். ட்ரங்க் போர்ட்னா மாடிக்கு மாடி போற மெயின் ரோடு. போன், கம்ப்யூட்டர், கேமரா, எல்லாம் ஆளுக்கொரு நம்பர் போட்டுக்கிட்டு அதுலதான் போகும்."

கேமராவின் நம்பர் முப்பது.

ட்ரங்க்கின் அனுமதிப் பட்டியல் திறந்தது.

முப்பது. அது மட்டும்!

பார்த்துக்கொண்டே இருந்தான். மரத்துப்போன கால் மாதிரி மனசு... கிள்ளினாலும் தெரியாது.

"யாரோ முப்பதை நீக்கப் பார்த்திருக்கான் சார். 'நீக்கு'ன்னு அடிக்க மறந்துட்டான். முப்பதை மட்டும் விடுன்னு ஆயிடுச்சு. போன் உட்பட மத்ததெல்லாம் அவுட்."

"அப்ப கேமரா?"

"அது மட்டும்தான் ஓடிச்சு."

"திரை கறுப்பா இருக்கே?"

"திரை ஆபீஸ் நெட்வொர்க். பதிவு பண்ற பெட்டி முப்பதுல இருக்கு."

ஒரு பட்டனைத் தட்டினால் பதிவு அழிந்துவிடும். விரல் அதன்மேல்தான் இருந்தது.

பையில் செல்போன் அதிர்ந்தது. தங்கை. எடுக்கவில்லை. விலங்கோடு நிற்கும் அவள் புருஷனை ஒரு தரம் பார்த்தான்.

விரலை எடுத்தான். திரையை நேராகப் பெட்டியில் சொருகினான்.

பதினொன்று பத்து. மேனேஜர் அறை. நீலக் கேபிள்... அதைப் பிடித்து இறுக்கியவனின் முகம், இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே முகம்.

"ஏன்யா?"

"பன்னிரண்டு வருஷமா என் வேலையைத் தன் பேர்ல மேலே அனுப்பினார். இன்னிக்கு என்னை வெளியே அனுப்பறேன்னார்."

சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பது போன்ற குரல்.

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றிக் கை மாற்றினார்.

"மெயின் ரோடெல்லாம் முடிஞ்சுது தம்பி. இனிமே ஒரே ரூம்... ஆக்சஸ் போர்ட்தான்!"