விடாப்பிடி ரத்தம்

ஆட்டுப் பண்ணை மேனேஜர் தீவனக் கிடங்கில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் மண்வெட்டி அடி. உயிர் விடியற்காலையிலேயே போயிருந்தது.

போன வருஷம் குடித்துவிட்டு ஜீப் ஓட்டி, ஆட்டு டாக்டரின் ஒரே மகளைக் கொன்றவர். சாட்சி இல்லையென்று ஜம்மென்று வெளியே வந்தவர். அப்புறம் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

ஆட்டு டாக்டரைத்தான்!

மத்தியானம் இன்ஸ்பெக்டர் பண்ணை லேபுக்கு வந்தார். அங்கே ரத்தப் பரிசோதனையெல்லாம் டாக்டரின் மனைவி பொறுப்பு. அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"என் வீட்டுக்காரரை விட்டுடுங்க சார்... விடியற்காலையில நாங்க ரெண்டு பேரும் பிரசவக் கொட்டகையிலதான் இருந்தோம்!"

"அவரும் அதையேதான் சொல்றாரும்மா. ஆடு குட்டி போட்டுச்சு, நீங்க குட்டியப் புடிச்சுக்கிட்டீங்க, அவர் ரத்தம் எடுத்தார், அப்புறம் குட்டி செத்துப் போச்சு." ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தார். "இதான் அந்த ரத்தம். குட்டியோடதுதான்னு காட்டுங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். முடியுமா?"

"ஏன் முடியாது? பொறந்த குட்டியோட ரத்தம் ஆக்ஸிஜனை இறுக்கிப் புடிச்சுக்கும், லேசுல விடாது. வயித்துக்குள்ள அம்மாகிட்டேர்ந்து இழுத்துப் பழகினது இல்லையா? பெரிய ஆட்டு ரத்தம் சட்டுனு விட்டுடும்."

"கிடாவா, பெட்டையான்னும் தெரியுமா?"

"அதுல வித்தியாசம் ரொம்பக் கம்மி சார். வயசு கத்திச் சொல்லும். ஆணா பெண்ணாங்கறது முணுமுணுக்கும், நம்பிச் சொல்ல முடியாது."

மெஷினில் ரத்தத்தை விட்டாள். தைரியமாகத்தான் விட்டாள்.

திரையில் ஆக்ஸிஜன் கோடு ஏறியது... வளைந்தது...

"பெரிய ஆடு!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கம்... கோட்டைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் கொட்டகையிலேயே இல்ல. ஏதோ ஒரு ஆட்டுகிட்ட ரத்தம் எடுத்துட்டுக் கதை விட்டிருக்கார். கொலைகாரர் அவர்தான்."

"ஐயோ, இல்ல சார்!"

நாற்காலியில் சரிந்தாள். நெஞ்சே வெடித்துவிடும் போல அழுதாள்.

"குட்டி செத்தே பொறந்திருக்கும் சார்... செத்த குட்டியை ஊசியால குத்த அவருக்கு மனசு வந்திருக்காது. மார்ச்சுவரியில எங்க பாப்பாவைப் பார்த்த மனுஷன்... அதான் தாய் ஆட்டுகிட்ட எடுத்திருக்கார். எனக்காக!"

"உங்களுக்காகவா?"

"அவர் கொட்டகையிலதான் இருந்தார்... நான்தான் இல்ல. நானும் இருந்தேன்னு காட்டத்தான் அந்த ட்யூப்." இரண்டு கைகளையும் நீட்டினாள். "மண்வெட்டியைப் புடிச்ச கை இதுதான். அவரை விட்டுடுங்க சார்."

விலங்கை எடுக்க இன்ஸ்பெக்டருக்குக் கை வரவில்லை. அவர் வீட்டிலும் ஒரு பெண் குழந்தை இருந்தாள். திரையையே வெறித்துப் பார்த்தார்.

"அட போங்கம்மா... இந்தக் கோட்டுக்குத் தலை எது, வால் எதுன்னே எனக்குத் தெரியாது. குட்டின்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, கும்பிடு போட்டுட்டுப் போயிருப்பேனே!"