பளிங்கு உதட்டில் ஈரம்

சிலையின் கீழுதடு ஈரமாக இருந்தது.

வார விடுமுறை. அருங்காட்சியகம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. பழுது பார்க்கும் அறைக்கு இரண்டே சாவிகள்தான். ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. மற்றது நேற்று முளைத்த அந்தக் குட்டி டாக்டரிடம்.

காவலாளிகள் அவளைச் 'சிலை டாக்டர்' என்பார்கள். ஆறு மாதம் முன்பு இன்னொருத்தி வேலைக்குச் சேர்ந்ததும் அவளுக்குக் குட்டி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பாதம் முதல் கழுத்து வரை மூன்று வருடம் முதுகொடிய அழுக்கெடுத்தது யார்? முகத்தை மட்டும் அந்தப் பொடிசிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார் மேலதிகாரி.

"அந்தப் பொண்ணு கையில ஒரு பக்குவம் இருக்கும்மா. நீங்க கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்," என்று சிரிப்பு வேறு. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பளிங்கில் படிந்த மெல்லிய அழுக்குக்கு எச்சிலைப் போல மருந்தில்லை. வெளியாட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் நனைத்து, கல்மேல் மெல்ல உருட்டி, வீசிவிட வேண்டும். கல்லைத் தொட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகவே கூடாது. குட்டி டாக்டரை இதற்காகவே நூறு தடவை கடிந்திருக்கிறாள்.

ஆக, லீவு நாளிலும் திருட்டுத்தனமாக வந்து எச்சில் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள்!

"இது என் சிலைடீ," என்றாள் வாய்விட்டு.

அந்தப் பொடிசின் எச்சிலைத் துடைத்தெடுத்துத் தன் எச்சிலால் அந்த முகத்தை முழுசாகக் கழுவிவிடும் வெறியோடு குச்சியை நனைத்து உருட்டினாள். கூரையில் காற்றுக் குழாய் முனகியது, ரசாயன நெடிக்கு நடுவே தூங்கி எழுந்த வாயின் வாடை ஒன்று மெல்லக் கசிந்தது, துடைக்கத் துடைக்க உதட்டில் ஈரம் ஊறிக்கொண்டே வந்தது. புதுக் குச்சி எடுக்கப் பொறுமையில்லை. அதே குச்சியை வாயில் வைத்தாள்.

உப்புக் கரித்தது. வெதுவெதுப்பாக.

நாக்கு நுனி மரத்தது. பிறகு நடுநாக்கு. பிறகு அடி. பல்லில் இடித்தது.

டொக்.

விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்ற வழவழப்பு. கல்.

அலறினாள். காற்றுதான் வந்தது.

எதிரே பளிங்கு உதடுகள் பிரிந்தன. உள்ளே சிவப்பாக ஏதோ புரண்டது.

கதவைத் தட்டும் சத்தம்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா? நேத்து நீங்க பூட்டும்போது என் சாவி உள்ளயே மாட்டிக்கிச்சு. அதை எடுத்துட்டுப் போயிடறேன்."

அப்படியானால் இவள் வரவே இல்லை. வராதடி, ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள். பல்லில் கல் உரசியது.

"இருக்கேன்டா கண்ணு," என்றது சிலை, அச்சு அசல் அவள் குரலில். "கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வா."

ஆறு மாதத்தில் அந்தக் குரல் ஒருமுறையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெளியே குட்டி டாக்டர் சந்தோஷமாகச் சிரித்தபடி கைப்பிடியைத் திருப்பினாள்.